சல்லிப் பேச்சு: கொயின் ஏறுது அக்கா

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல கிரிப்டோதான், இந்த பிட்கொயின் மாதிரி டிஜிட்டல் காசு. வழக்கமா ஈபிஎஃப் பணம் எப்ப கிடைக்கும், சீட்டுப் புடிச்சவரு ஓடிட்டாரு இப்ப என்ன செய்யலாம்னுதான் எழுதுவீங்க, இப்ப என்னடான்னா லிந்துலையில இருந்தும் பசறையில இருந்தும் ஒரே பேச்சு, கொயின் ஏறுது அக்கா ஏறுது அக்கான்னு. சரி, மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன். புதுசா வாசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த: நான் பொருளாதாரம் படிச்ச ஆள் இல்ல, ஒரு பேங்க்ல நகை அடகு கவுண்டர்ல 22 வருசம் உக்காந்து எந்திரிச்சவ, அவ்வளவுதான் என் படிப்பு.

கேள்வி: அக்கா, கொழும்புல ஒரு புடவைக் கடையில வேல செஞ்சிட்டு இப்ப தோட்டத்துக்கே திரும்பி வந்துட்டேன். ஒரு சின்ன கொயின் மூணு நாளா ஏறிக்கிட்டே இருந்திச்சு, தங்கச்சியோட சங்கிலிய அடகு வச்சு 1,50,000 போட்டேன், ரெண்டாவது நாளே ஆப்ல 2,55,000 காட்டுது. இன்னும் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க. விக்கவா, வச்சிருக்கவா? தங்கச்சிக்கு இன்னும் சொல்லல.
பெயர் வேணாம், மஸ்கெலியா

பதில்: தம்பி, இது அச்சாகி உங்க கைக்கு வர்றதுக்குள்ள அந்த கொயின் மூணு தடவ ஏறி நாலு தடவ இறங்கியிருக்கும், அதனால உங்களுக்கு அன்னைக்கே போன்ல பதில் அனுப்பிட்டேன். இங்க எழுதறது உங்கள மாதிரியே ராத்திரி 12 மணிக்குப் போர்வைக்குள்ள போன் வெளிச்சத்துல கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கிற மத்த தம்பிமாருக்கு.

மொதல்ல அந்த 2,55,000ஐ எடுத்துக்குவோம். அது உங்க கையில இல்ல, கண்ணுலதான் இருக்கு. கையில வர்றதுக்கு என்னென்ன வாசப்படி தாண்டணும்னு பாருங்க. உதாரணத்துக்கு, நீங்க பி2பில (ஆளுக்கு ஆள் நேரா வாங்கி விக்கிறது) ஒருத்தர்கிட்ட யுஎஸ்டிடி (ஒரு டொலருக்குச் சமமா வச்சிருக்கிற கொயின்) வாங்கும்போது ஒண்ணு 310 ரூபாய்க்கு வாங்கினீங்கன்னு வைங்க, 1,50,000க்கு 484 வரும், அத வச்சுத்தான் அந்தச் சின்ன கொயின வாங்கறீங்க. கொயின் 70 சதவீதம் ஏறினா அது 822 ஆகுது, அத அதே 310ஆல பெருக்கித்தான் ஆப் உங்களுக்கு 2,55,000னு காட்டுது. ஆனா நீங்க விக்கப் போகும்போது 310க்கு வாங்க ஆள் இருக்காது, 302ன்னு கேப்பான். அதுக்கு முன்னாடி கொயின விக்கும்போதே ஒரு 3 சதவீதம் வழுக்கும் (எப்படின்னு கீழ சொல்றேன்), எக்ஸ்சேஞ்ச் (கொயின் வாங்கி விக்கிற ஆப்) கமிஷன் 0.1 சதவீதம் வேற. எல்லாம் கழிச்சா கையில வர்றது 2,40,000 சொச்சம். அதாவது விலை ஒரு சதம் கூட இறங்காம இருக்கும்போதே 14,000 ரூபாய் வழியில சிந்திருச்சு. 2025ல இருந்த நாள் சம்பளம் 1,350ன்னு வச்சுப் பாத்தா கொழுந்து எடுக்கிற உங்க அம்மாவுக்கு அது பத்து நாள் வேல, அட்டைக் கடியோட.

இப்ப அந்த வழுக்கல். நுவரெலியாவுல லீக்ஸ் கொண்டு போன ஆளுங்களுக்கு இது சொல்லவே தேவையில்ல. காலையில ஒருத்தர் கிலோ 400னு கேக்கிறாரு, ஆனா அவருக்கு 20 கிலோதான் வேணும், நீங்க 100 கிலோ கட்டிக் கொண்டு போயிருக்கீங்க. அடுத்த ஆள் 380க்கு 30 கிலோ எடுக்கிறாரு, மிச்சம் 50 கிலோவுக்கு வர்ற ஆள் உங்க மூஞ்சியப் பாத்துட்டு 330ங்கிறாரு. வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க, இன்னைக்கு லீக்ஸ் 400னுதானே, ஆனா பைய அவுத்துப் பாத்தா 359தான் விழுந்திருக்கு. எக்ஸ்சேஞ்சுக்குள்ளயும் இதேதான் நடக்குது. திரையில தெரியிற விலை கடைசியா நடந்த ஒரு வியாபாரத்தோட விலை, அந்த விலைக்கு எத்தன பேரு வாங்கக் காத்துக்கிட்டு இருக்காங்கங்கிறது ஓர்டர் புக்ல இருக்கும், அதத் தொறந்து பாக்கிற புள்ளைங்க ரொம்பக் குறைவு. பிட்கொயின் மாதிரி பெருசுக்கு வாங்கற ஆள் நெறைய, உங்க ஒண்ணரை லட்சமெல்லாம் அங்க தெரியவே தெரியாது. ஆனா இந்த மாதிரி மூணு நாள்ல மொளச்ச சின்ன கொயினுக்கு ஆள் கொஞ்சம், அதுலயும் விலை விழ ஆரம்பிச்சா அந்தக் கொஞ்சப் பேரும் மொத வேலையா அவங்க ஓர்டரத்தான் தூக்கிருவாங்க. அதனால சின்ன கொயின விக்கும்போது மார்க்கெட் ஓர்டர அமுக்காதீங்க. அப்படி அமுக்கினா கெடச்ச விலைக்குக் குடுங்கன்னு சொன்னதாத்தான் அர்த்தம், லிமிட் ஓர்டர்ல இந்த விலைக்குக் கீழ தரமாட்டேன்னு போட்டு ரெண்டு மூணு பங்காப் பிரிச்சு வித்தா கொஞ்சம் தேறும்.

அடுத்தது, ஏன் ஏறுச்சு? இத யாரும் கேக்கிறதே இல்ல. ஏறுற விதம் ஒண்ணு ரெண்டு இல்ல. 2024 ஜனவரியில அமெரிக்காவுல பிட்கொயினையே நேரா வாங்கி வைக்கிற ஈடிஎஃப்க்கு (பங்கு மாதிரி வாங்கக்கூடிய நிதி) அனுமதி குடுத்தாங்க, ஏப்ரல்ல ஹால்விங் வந்திச்சு, அதாவது புதுசா வர்ற பிட்கொயின் பாதியாக் குறைஞ்சிச்சு, நவம்பர்ல ட்ரம்ப் ஜெயிச்சாரு, டிசம்பர்ல ஒரு லட்சம் டொலரத் தாண்டிச்சு. அதுக்கெல்லாம் ஒரு காரணம் சொல்லலாம். ஆனா ராத்திரியோட ராத்திரியா 40, 50 சதவீதம்னு சும்மா குதிக்குது பாருங்க, அதுல பல நேரம் ஷோர்ட் ஸ்குவீஸ்னு ஒரு கூத்து இருக்கும். விலை இறங்கும்னு நம்பி கொயின கடனா வாங்கி வித்தவன் ஒருத்தன் இருப்பான், விலை ஏறுனா அவன் பதறி அடிச்சு திரும்ப வாங்கணும், வாங்கலைன்னா எக்ஸ்சேஞ்சே அவன் காசுல வாங்கிரும். அவன் வாங்கறதால இன்னும் ஏறும், ஏறுறதால அடுத்தவன் மாட்டுவான், இப்படியே வரிசையா. வெளியே இருந்து பாக்கிறவனுக்கு ஊரே சேந்து வாங்குதுன்னு தோணும், ஆனா உள்ள வாங்கறவன் ஆசப்பட்டு வாங்கல, கழுத்துல கத்தி இருந்து வாங்கறான். அந்த ஆளுங்க தீந்த ஒடனே மேல தள்ள யாரும் இருக்கமாட்டாங்க, அந்த நேரம்தான் நம்ம தம்பி உள்ள வர்றாரு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. கரட் வெல ஏறிருச்சுன்னு கேள்விப்பட்டு வெலிமடைப் பக்கம் எல்லாரும் கரட் போடுவாங்க, மூணு மாசம் கழிச்சு கெப்பெட்டிப்பொல மரக்கறிச் சந்தைக்கு லொறி லொறியா வரும்போது கிலோவுக்கு கூலிக் காசு கூடத் தேறாது. கொயின்ல அந்த மூணு மாசம் மூணு மணி நேரமா சுருங்கியிருக்கு, மத்தபடி அதே கதைதான்.

சரி, விக்கவா வைக்கவாங்கிறதுக்கு வர்றேன். நான் போன்ல சொன்னது இது: போட்ட முதல் 1,50,000, அது உங்க காசே இல்ல, தங்கச்சி காசு. 302 ரூபாய்க்கு அத எடுக்க 497 யுஎஸ்டிடி வேணும், வழுக்கலும் கமிஷனும் போக கையில வரக்கூடியது 797னா கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்க விக்கணும். அத இன்னைக்கே வித்து, அடகுக் கடைக்குப் போய் வட்டியோட கட்டி, சங்கிலிய மீட்டு தங்கச்சி கழுத்துல போட்டுட்டு அப்புறமா சொல்லுங்க நடந்தத. மிச்ச மூணுல ஒரு பங்கு உங்க வெளையாட்டு, அத வச்சிருங்க ஏறட்டும் இறங்கட்டும், ஆனா அதுக்கும் ஸ்டொப் லொஸ் (இந்த விலைக்கு இறங்கினா தானா வித்துருங்கிற ஓர்டர்) ஒண்ணு எக்ஸ்சேஞ்சுக்குள்ளயே போட்டு வச்சிருங்க. நான் பாத்துக்கிட்டே இருந்து டக்குனு வித்துருவேன்னு சொல்லாதீங்க, மஸ்கெலியாவுல மழை இருட்டிக்கிட்டு வந்தா கரண்ட் போகும், கரண்ட் போனா கொஞ்ச நேரத்துல சிக்னலும் போகும், மார்க்கெட் உங்க லயத்து டவருக்காகக் காத்துக்கிட்டு நிக்காது. ஓசிஓன்னு ஒரு ஓர்டர் இருக்கு, மேல ஒரு விலை கீழ ஒரு விலை ரெண்டும் சேத்துப் போடலாம், ஒண்ணு நடந்தா மத்தது தானா அழிஞ்சிரும். ஸ்டொப்போட லிமிட்டையும் சேத்து ஸ்டொப் லிமிட்னு போடுறவங்க ஒண்ணக் கவனிங்க, விலை தாவி இறங்கினா உங்க லிமிட்டத் தாண்டிப் போயிரும், ஓர்டர் அப்படியே தொங்கிக்கிட்டு இருக்கும், நீங்க வித்தாச்சுன்னு நினைச்சுத் தூங்குவீங்க.

இன்னொரு கணக்கு, இத அந்தத் தம்பிக்குச் சொல்ல மறந்துட்டேன். 70 சதவீதம் ஏறினது திரும்பப் போட்ட எடத்துக்கு வர்றதுக்கு 70 சதவீதம் இறங்கத் தேவையில்ல, 41 சதவீதம் இறங்கினாலே போதும். ஏறும்போது ஒரு கணக்கு இறங்கும்போது ஒரு கணக்கு.

அவருக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஆறு நிமிசம். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு, பதில் இன்னும் வரல.

கேள்வி: பியூச்சர்ஸ்ல 20 மடங்கு போட்டு மூணு தடவ ஜெயிச்சேன், 10,000 ரூபாய் 31,000 ஆச்சு. கூட்டாளிங்க நிறுத்துன்னு சொல்றாங்க. ஏறுற மார்க்கெட்ல ஏறும்னுதானே போடுறேன், இதுல என்ன ரிஸ்க்?
வாசகர், ஹப்புத்தளை

பதில்: கூட்டாளிங்க நல்லவங்க, அவங்களுக்கு ஒரு ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கிக் குடுங்க. பியூச்சர்ஸ்ங்கிறது விலை ஏறுமா இறங்குமான்னு போடுற ஒப்பந்தம், 20 மடங்குன்னா உங்க காசு போல 20 மடங்கு தொகைக்குக் கடன்ல போடுறது. விலை உங்களுக்கு எதிரா 5 சதவீதம் போனா உங்க காசு முழுசும் போச்சு, உண்மையில 5 ஆகறதுக்குக் கொஞ்சம் முந்தியே எக்ஸ்சேஞ்ச் மூடிரும். ஏறுற நாள்ல கொயின் நேரா ஏறாது தம்பி, நம்ம ஹப்புத்தளை ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறும், பத்து நிமிசத்துல 6 சதவீதம் கீழ வந்து திரும்ப 15 சதவீதம் மேல போகும். சாயங்காலம் பாத்தா நீங்க சொன்ன மாதிரியே ஏறியிருக்கும், ஆனா நீங்க அந்த வளைவுலயே பஸ்ஸ விட்டு விழுந்திருப்பீங்க. அதுபோக பண்டிங்னு ஒரு கட்டணம் பெரும்பாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கழியும், எல்லாரும் ஏறும்னு ஒரே பக்கம் சாஞ்சு கிடக்கிற நேரத்துல ஏறும்னு போட்டவன்தான் அதக் கட்டணும்.

2025 ஒக்டோபர் 10, அமெரிக்காவுல வெள்ளிக்கிழமை சாயங்காலம், நம்மகிட்ட சனிக்கிழமை விடியக்காலம். சீனாப் பொருளுக்கு 100 சதவீதம் வரின்னு ட்ரம்ப் ஒரு அறிவிப்பு விட்டாரு. அந்த வாரம்தான் பிட்கொயின் வரலாறு காணாத உச்சத்துக்குப் போயிருந்திச்சு, எல்லாரும் குஷியில கடனுக்குப் போட்டு வச்சிருந்தாங்க. ஒரே நாள்ல 1,900 கோடி டொலருக்கு மேல இப்படிக் கடன்ல போட்டு வச்சிருந்தத எக்ஸ்சேஞ்சுகளே மூடிச்சு, அதுல பெரும்பகுதி ஏறும்னு போட்டவங்க. சின்ன கொயின் பலதும் பாதிக்கு மேல விழுந்து அப்புறம் கொஞ்சம் எந்திரிச்சிச்சு, கடன் இல்லாம வெறும் கொயினா வச்சிருந்தவன் விடிஞ்சு எந்திரிச்சு கண்ணக் கசக்கிப் பாத்தான், கடன்ல வச்சிருந்தவனுக்குப் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. 31,000ல 10,000ஐ எடுத்து வீட்டுல குடுங்க, மிச்சத்துல ஆடித்தான் தீருவேன்னா அந்த 20 மடங்கு இல்லாம ஆடுங்க.

கேள்வி: டெலிகிராம்ல ஒரு குரூப், ராத்திரி 9 மணிக்கு ஒரு கொயின் பேர் போடுவாங்க, எல்லாரும் ஒண்ணா வாங்கணும், உடனே ஏறும். சேர 5,000, ஆள் சேத்துவிட்டா ஆளுக்கு 1,000 தருவாங்க. நம்பலாமா?
வாசகி, கொட்டகலை

பதில்: 9 மணிக்குப் பேர் போடுறவன் 8 மணிக்கே வாங்கி வச்சிருப்பான், நீங்க எல்லாரும் சேந்து வாங்கறது அவன்கிட்ட இருந்துதான். இதுல யோசிக்க ஒண்ணுமில்ல தங்கச்சி. ஏறுது ஏறுதுன்னு குரூப்ல ராக்கெட் படம் வர ஆரம்பிச்சா அவன் வித்துக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்.

இதுல இன்னொரு வகை இருக்கு, அது இன்னும் மோசம். 2021ல பிரபலமான ஒரு கொரிய சீரியல் பேர வச்சு ஒரு கொயின் வந்திச்சு, அந்த சீரியல்காரங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சில சதத்துக்கு ஆரம்பிச்சு ஒரு வாரத்துல 2,800 டொலரத் தாண்டிச்சு. ஏன் அப்படி ஏறுச்சு தெரியுமா, வாங்க முடியும், விக்க முடியாது! அந்த மாதிரித்தான் எழுதி வச்சிருந்தாங்க. யாருமே விக்காட்டி விலை மேலதானே போகும். நவம்பர் 1ஆம் திகதி செஞ்சவங்க காசத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க, சில நிமிசத்துல ஒரு சதம் கூடப் பெறாமப் போச்சு. அதனால புதுக் கொயின் எதுலயாவது கை வைக்கிறவங்க 500 ரூபாய்க்கு வாங்கி அந்த 500ஐயும் ஒரு தடவ வித்துப் பாருங்க, விக்க முடியுதான்னு.

அப்புறம் அந்த ஆள் சேத்தா 1,000ங்கிறது, அது கொயினே இல்ல, பிரமிட், புதுசா சேர்றவன் காச எடுத்து முந்தி சேந்தவனுக்குக் குடுக்கிறது. நம்ம நாட்டு வங்கிச் சட்டத்துல 83சின்னு ஒரு பிரிவு இருக்கு, அதுப்படி பிரமிட் திட்டம் நடத்தறது மட்டும் இல்ல, அதுக்கு ஆள் சேக்கிறதும் குத்தம். நாளைக்கு பக்கத்து லயத்து அக்கா காசு போச்சுன்னு பொலிசுக்குப் போனா அவங்க சொல்லப் போற பேரு டெலிகிராம்காரன் பேரு இல்ல, உங்க பேரு.

கேள்வி: பி2பில யுஎஸ்டிடி வித்தேன், காசு வந்திச்சு, நாலு நாள்ல என் பேங்க் கணக்க நிப்பாட்டிட்டாங்க. நான் செஞ்ச தப்பு என்ன?
வாசகர், ஹட்டன்

பதில்: காசு போட்ட ஆள் பேரும் ஆப்ல உங்ககிட்ட வாங்கின ஆள் பேரும் ஒண்ணான்னு பாத்தீங்களா? பாத்திருக்கமாட்டீங்க. வேற யாரையோ ஏமாத்தி, அவங்கள உங்க கணக்குக்கே காசு போட வச்சு, அதக் காட்டி உங்ககிட்ட யுஎஸ்டிடிய வாங்கிட்டுப் போயிருவான், ஏமாந்தவங்க பொலிசுக்குப் போனா வழி வந்து நிக்கிறது உங்க வாசல்ல. இந்த ஏற்றம் வர்ற நாள்லதான் இது கூடும், ஏன்னா எல்லாரும் அவசரத்துல இருப்பாங்க, நாலு ரூபா கூடத் தர்றேன்னு சொன்னா யாரு பேரு பாக்கப் போறாங்க. இப்ப செய்ய வேண்டியது, அந்த வியாபாரத்தோட ஓர்டர் நம்பர், அந்த ஆளோட பேசின சாட் எல்லாத்தையும் அழிக்காம எடுத்து அச்சடிச்சு பேங்குக்குப் போய் எழுத்துல குடுங்க, பொலிஸ் கூப்பிட்டா அதே பேப்பரோட போங்க. இனிமே விக்கிறவங்க, பேரு வேறயா வந்தா யுஎஸ்டிடிய விடாதீங்க, சிலிப் போட்டோவையும் எஸ்எம்எஸ்ஸையும் நம்பாதீங்க, உங்க பேங்க் ஆப்ல காசு விழுந்ததக் கண்ணால பாத்துட்டு விடுங்க.

கேள்வி: கிரிப்டோ நம்ம நாட்டுல சட்டப்படி சரியா, தப்பா?
வாசகர், பதுளை

பதில்: அது ரூபா மாதிரி சட்டப்படியான நாணயம் இல்ல. மத்திய வங்கி 2021லயும் 2022லயும் எச்சரிக்கை விட்டிருக்கு. கிரெடிட் கார்ட், டெபிட் கார்ட்ல கிரிப்டோ வாங்க வெளிநாட்டுச் செலாவணி விதியில அனுமதி இல்ல, அதனாலதான் எல்லாரும் பி2பிக்கு ஓடுறாங்க, ஓடி மேல ஹட்டன்காரரு மாட்டின மாதிரி மாட்டுறாங்க. உங்க காசு போனா பேங்க்ல வச்ச காசுக்குக் கேக்கிற மாதிரி கேக்க ஒரு கதவு இல்ல.

கேள்வி: மகனுக்கு 21 வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு போனப் பாக்கிறான், சாப்பாடு சரியில்ல, கேட்டா மார்க்கெட்டுங்கிறான். நான் கொழுந்து எடுக்கப் போறவ, எனக்கு இதெல்லாம் வெளங்கல. என்ன பேசுறது?
ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அம்மா, உங்களுக்கு வெளங்க வேண்டியது கொஞ்சம்தான். கொழும்பு பங்குச் சந்தை காலையில ஒம்பதரைக்குத் தொறந்து பகல் ரெண்டரைக்கு மூடிரும், இது மூடாது, ஞாயித்துக்கிழமையும் இல்ல தீபாவளியும் இல்ல. அதனாலதான் புள்ள தூங்கமாட்டேங்குது. எவ்வளவு இருக்குன்னு கேக்காதீங்க, அதுக்கு ஒரு பெரிய நம்பரக் காட்டி உங்க வாய அடச்சிரும். எவ்வளவு போட்ட, இதுவரைக்கும் எவ்வளவ பேங்குக்கு எடுத்த, இந்த ரெண்டக் கேளுங்க, கத்தாம, சோறு போட்டுட்டு. அதுக்கு அப்புறம் மெதுவா, யாருகிட்டயாவது கடன் வாங்கியிருக்கியான்னு. கடன் இருக்குன்னா அதப் பத்தி எனக்கு எழுதுங்க, அது வேற கணக்கு, நான் பாத்துப் பழகின கணக்கு.

கேள்வி: அக்கா, இவ்வளவு பேசுறீங்களே, நீங்க எப்பவாவது வாங்கினது உண்டா? உண்மையச் சொல்லணும்.
வாசகர், பண்டாரவளை

பதில்: நம்ம ஊர் ஆளாச்சே, கேக்காம இருப்பீங்களா. 2021 ஏப்ரல்ல அக்கா மகன் பேச்சக் கேட்டு டோஜ்கொயின் 400 வாங்கினேன், 25,000 ரூபாய் ஆச்சு. சும்மா பகிடிக்குன்னு 2013ல ஆரம்பிச்ச கொயின் அது, நாய் மூஞ்சி போட்டது. மே மாசம் 70 அமெரிக்கச் சதத்தத் தாண்டிச்சு, டொலர் 200 ரூபாய் இருந்த காலம், கையில 56,000. அந்தக் கொயினத் தூக்கிப் பேசிக்கிட்டு இருந்த எலான் மஸ்க் அமெரிக்கா டிவியில ஒரு நிகழ்ச்சிக்கு வர்றாரு, அன்னைக்கு ஒரு டொலரத் தொட்டுரும்னு அக்கா மகன் சத்தியம் பண்ணினான். நம்மகிட்ட அது ஞாயித்துக்கிழமை காலை ஒம்பது மணி, கொரோனா நேரம், வெளியேயும் போக முடியாது, தோசைய அடுப்புல போட்டுட்டு ரெண்டு பேரும் போனப் பாத்துக்கிட்டு இருந்தோம். அந்த மனுசன் பேசப் பேச விலை இறங்குது, நிகழ்ச்சி முடியிறதுக்குள்ள 50 சதத்துக்குக் கீழ வந்திருச்சு. தோசையும் கருகிப் போச்சு. வித்துரலாம்டான்னேன், திரும்ப ஏறும் சித்தின்னான், எனக்கும் 56,000ஐப் பாத்த கண்ணு 38,000க்கு விக்க மனசு வரல. அடகு வைக்க வர்றவங்களுக்கு 22 வருசம் புத்தி சொன்ன அதே ஆள்தான்.

2022 நடுவுல 7 சதம் பக்கம் வந்திச்சு, அந்நேரம் டொலர் 360 ஆனதால ரூபாயில பாத்தா பத்தாயிரம் பக்கம் நின்னுச்சு, நாடு விழுந்தது எனக்கு ஒத்தாசையா இருந்திச்சுன்னு சிரிச்சுக்கிட்டோம். அப்புறம் 2024 கடைசியில திரும்ப 40 சதத்துக்கு மேல போச்சு, சரி இந்தத் தடவ விக்காம விடமாட்டேன்னு பழைய போன எடுத்தா சார்ஜ் ஏறமாட்டேங்குது. போன் போனாலும் பரவாயில்ல, கொயினத் திரும்ப எடுக்கிற 12 சொல்லு எழுதி வச்சிருந்தா வேற போன்ல எடுத்துரலாம், எழுதித்தான் வச்சிருந்தேன், காலண்டர் தாள் பின்னாடி. அந்தக் காலண்டர தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அலுமாரித் தட்டுக்கு விரிச்சிருக்காங்க, சீனி டின் வச்ச எடத்துல எறும்பு அரிச்சு ஏழு சொல்லுதான் மிச்சம்.

போன பண்டாரவளை டவுன்ல ஒரு தம்பிகிட்ட குடுத்திருக்கேன், போர்டு மாத்தக்கூடாது இருக்கிறதையே சரி பண்ணணும்னு சொல்லி. 4,500 கேக்கிறாரு. எதுக்கு அக்கா இந்தப் பழைய போனுக்குன்னு கேட்டாரு, போட்டோ இருக்கு தம்பின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.